திறமூல மென்பொருள் மாநாடுகளில் ஒரு பொறியியல் நிறுவனம்

பொருள் ஈட்டும் நோக்குடன் நடைபெறும் ஒரு பொறியியல் நிறுவனம், தன் பொறியாளர் பல திங்கள் உழைத்துக் கண்ட நுட்பங்களைப் பொது அவையில் எவரும் கேட்குமாறு எடுத்துரைக்கின்றது. உரைத்தவற்றை எழுத்து வடிவிலும் விலையின்றி வழங்குகின்றது. வணிக உலகின் பொதுவழக்கிற்கு இது மாறானது. இதனை விளம்பரம் என ஒரு சொல்லில் முடிப்பார் உளர். கொடை எனப் புகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றிலும் உண்மை சிறிது உண்டு. எனினும், மாநாட்டிற் பங்கு பெறுதல் அந்நிறுவனத்தின் தொழிலுக்குள்ளேயே அடங்கிய ஒரு கூறு என்பதும், அங்கு நிகழ்வனவற்றை அறியாதார்க்கு அம்மென்பொருளின் மூலநிரலே பாதி விளங்காது என்பதும் எம் கருத்து. இதனை ஒரு நிறுவனத்தின் செயல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். கணினியை இயக்குதற்கு மாந்தர் எழுதும் ஏவல்களின் தொகுதி மூலநிரல் எனப்படும். அம்மூலத்தை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது திறமூல மென்பொருள். அவ்வுரிமையே முதன்மையானது எனக் கருதுவோர் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்பர். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விடுதலையையும் விலையின்மையையும் குறித்தலின், அம்மொழியார் இம்மயக்கத்தைப் போக்க நெடுங்காலம் விளக்கம் எழுதி வருகின்றனர். கட்டற்ற, இலவச என இரு சொற்களை உடைய நமக்கு அவ்விடர் இல்லை. யாம் எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் பெயர் வரலாற்றிலும் அச்சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. 2004ஆம் ஆண்டில் மைக்கேல் ஒப்டெனாக்கர் என்பவரால் பிரான்சு நாட்டில் 'ஃப்ரீ எலெக்ட்ரான்ஸ்' என்ற பெயருடன் இது தொடங்கப்பெற்றது. அச்சொல்லையே வணிகப் பெயராகக் கொண்ட தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தமையால், 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'பூட்லின்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கணினி இயங்கத் தொடங்குதலைக் குறிக்கும் 'பூட்' என்னும் சொல்லும், 'லினக்ஸ்' என்பதன் முற்பகுதியும் கூடிய பெயர் அது.

இந்நிறுவனத்தின் தொழில் யாது? தொலைக்காட்சிப் பெட்டி, மருத்துவக் கருவி, தொழிற்சாலைப் பொறி முதலியவற்றின் உள்ளே அடங்கிக் கிடக்கும் கணினிகள் உட்பொதி கணினிகள் எனப்படும். அவற்றில் லினக்ஸ் இயங்குமாறு செய்தலும், அக்கலையைப் பிற பொறியாளர்க்குக் கற்பித்தலும் இதன் தொழில். சில்லு ஆக்கும் பெருநிறுவனங்கள் இதற்குப் பொருள் தந்து வேலை வாங்குகின்றன. புதியதொரு சில்லு சந்தைக்கு வருமுன் அதனை லினக்ஸ் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு, லினக்ஸின் நடுவமான கெர்னலில் அச்சில்லுக்குரிய நிரற்பகுதிகள் இடம்பெறுதல் வேண்டும்.

இடம்பெறாவிடில் என்ன குறை என்று வினவலாம். 1991ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது முதல் கெர்னல் ஓயாது வளர்ந்து வருகின்றது. இக்காலத்தில் ஒன்பது அல்லது பத்து வாரத்திற்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகின்றது. அதன் உட்பகுதிகள் ஒன்றோடொன்று உறவாடும் முறை நிலையானதன்று. ஒரு பகுதியைத் திருத்துவோர், அத்திருத்தத்தால் தாக்குறும் பிற பகுதிகளையும் தாமே சீர்செய்துவிடுகின்றனர். ஆனால் அவர்கள் சீர்செய்வது கெர்னலின் உள்ளே இருப்பனவற்றை மட்டுமே. வெளியே தனித்து நிற்கும் நிரலை எழுதியவன், ஒவ்வொரு பதிப்பிற்கும் அதனைப் புதிதாகப் பொருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். சில ஆண்டுகளில் அவ்வுழைப்பு தாங்கவொண்ணாச் சுமையாகி, பழைய பதிப்பிலேயே கருவி நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதனை எட்டா. ஆகவே, பொருள் தருவோர் விரும்புவது நிரல் எழுதப்படுவதை மட்டுமன்று. அது பொதுமூலத்துள் ஏற்கப்படுவதையும் ஆகும்.

ஏற்பது யார்? கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பேணுநர் ஒருவரோ சிலரோ உளர். அவர்கள் வெவ்வேறு நிறுவனங்களில் ஊதியம் பெறுவோர்; சிலர் எந்நிறுவனத்தையும் சாராதவர். ஏற்றலும் மறுத்தலும் அவர்தம் உரிமை. பொறியாளரின் உழைப்பை விலைக்கு வாங்கலாம். பேணுநரின் இசைவை வாங்குதல் இயலாது. இவ்வொரு செய்தியே நிறுவனத்தை மாநாட்டிற்கு அழைத்துச் செல்கின்றது. மின்னஞ்சலில் நாற்பது மடல் எழுதியும் தீராத கருத்து வேற்றுமை, ஒரு சுவர்ப்பலகையின் முன் இருவர் நின்று பேசிய அரைமணியில் தீர்வதுண்டு. முகம் அறிந்த பின்னர், மறுப்பு மடலின் கடுமையும் வேறாகத் தோன்றும் போலும்.

இந்நிறுவனத்தார் செல்லும் மாநாடுகள் பல. அவற்றுள் இரண்டனைக் குறிப்பிட்டாற் போதும். பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரித் திங்களின் முதல் வார இறுதியில் நடைபெறுவது ஃபாஸ்டெம். 2001ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மாநாடு, பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் கட்டணமும் பெயர்ப் பதிவும் இன்றி நடைபெறுவது. ஒவ்வொரு துறையினர்க்கும் ஓர் அறை ஒதுக்கப்பெறும். அறை நிறைந்துவிட்டால் கதவு அடைபடும். மற்றையது எம்பெடெட் லினக்ஸ் மாநாடு. கட்டணம் பெற்று நடைபெறுவது. உட்பொதி கணினித் துறையார்க்கே உரியது. இதன் ஐரோப்பிய மாநாடு 2013இல் எடின்பரோவிலும், 2019இல் இந்நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று அமைந்துள்ள லியோன் நகரிலும் கூடியது. இவற்றையொட்டி, உட்பொதி கணினிக்குரிய லினக்ஸை உருவாக்கித் தரும் பில்ட்ரூட் என்னும் மென்பொருளின் ஆக்குநர் தனியே கூடிச் சில நாள் ஒருங்கிருந்து பணி செய்வர். இந்நிறுவனப் பொறியாளர் அதிலும் முன்னிற்பர்.

இனி, ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காண்போம். ஆர்ம் என்னும் சில்லு வகையைக் கொண்ட கருவிகள் கைப்பேசிப் பெருக்கத்தால் எண்ணிறந்தனவாயின. ஒவ்வொரு சுற்றுப்பலகையிலும் எந்த உறுப்பு எங்குள்ளது என்பதைச் சி மொழியில் தனிக் கோப்பாக எழுதிக் கெர்னலுள் சேர்ப்பது பழைய முறை. பலகைகள் பெருகவே கோப்புகளும் பெருகின. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டமையால் கூறியது கூறல் என்னும் குற்றம் மலிந்தது. 2011ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் இதனைக் கடிந்து எழுதினார். அதன் பின்னர் ஆர்ம் பகுதியினர், பிற சில்லு வகைகளில் முன்னரே வழங்கிவந்த டிவைஸ் ட்ரீ என்னும் முறைக்கு மாறினர். பலகையின் அமைப்பைக் கெர்னலுக்குப் புறத்தே, கிளைவிட்ட மரம் போன்றதொரு விவரணையாக எழுதி, இயக்கம் தொடங்கும்போது கெர்னலுக்குத் தருவது அம்முறை.

முறை மாறிற்று, அதனை அறிந்தோர் சிலரே. பழைய முறையிற் பழகிய பொறியாளர் பலர் இடர்ப்பட்டனர். ஃப்ரீ எலெக்ட்ரான்ஸ் அக்காலத்தில் மார்வெல் நிறுவனத்தின் அர்மடா வகைச் சில்லுகளைக் கெர்னலுள் சேர்க்கும் பணியில் இருந்தது; அதன் முதற்பகுதி 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 3.6ஆம் பதிப்பில் இடம்பெற்றது. புதுமுறையில் எழுதியே தீரவேண்டிய நிலையில் இருந்தமையால், அதன் மேடுபள்ளங்களை அந்நிறுவனத்தார் பட்டறிந்தனர். 2013ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டில் அந்நிறுவனப் பொறியாளர் தாமஸ் பெத்தசோனி, 'டிவைஸ் ட்ரீ ஃபார் டம்மீஸ்' என்ற தலைப்பில் உரையாற்றினார். ஏதும் அறியாதார்க்கான டிவைஸ் ட்ரீ என்பது அதன் பொருள். மரத்தின் கணு யாது, கணுவின் பண்பு யாது, 'கம்பேட்டிபிள்' என்னும் ஒரு சொற்றொடரைக் கொண்டு உரிய இயக்கி நிரலைக் கெர்னல் எவ்வாறு கண்டுகொள்கின்றது என்பனவற்றைப் படிப்படியாக விளக்கும் உரை அது. இதனினும் நன்கு எழுதப்பெற்ற தொடக்கநூல் இப்பொருளில் நெடுநாள் இல்லை என்றே கூறலாம். பின்வந்த மாணாக்கர் பலர் இவ்வுரையின் படவில்லைகளையே பாடமாகக் கொண்டனர்.

அவ்வுரை முடிந்த முடிபுகளை மட்டும் கூறவில்லை என்பதே எமக்குச் சிறப்பாகத் தோன்றுகின்றது. ஒரு பதிப்பிற்கென எழுதிய விவரணை அடுத்த பதிப்பிலும் மாறாது இயங்க வேண்டுமா என்னும் வினா அப்போது தீராதிருந்தது. மாறலாகாது என்போர், விவரணை பலகையோடு பிறந்து அதனுடன் நிலைத்திருப்பது என்றனர். மாறலாம் என்போர், முதல் முயற்சியிலேயே பிழையற எழுதுதல் யார்க்கும் இயலாது என்றனர். கெர்னலின் தலையாய ஆக்குநர் கூட்டமும் அதே வாரத்தில் அதே நகரில் நடைபெற்றது. வழக்காடுவோரும், கற்க வந்தோரும், தீர்ப்புரைக்கத் தக்கோரும் ஒரு நகரத்தில் ஒருங்கிருந்த அச்சூழலை மூலநிரலை மட்டும் படிப்போன் அறியமாட்டான்.

இங்குத் தமிழ் மாணாக்கர்க்கு ஓர் ஒப்புமை தோன்றுதல் இயல்பு. நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்கு ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுக் கூறும், காலம், களன், காரணம் என மேலும் மூன்றும் உரைப்பர். கெர்னலிற் சேரும் ஒவ்வொரு திருத்தமும் இத்தகையதொரு பாயிரத்தைச் சுமந்தே வருகின்றது. ஆக்கியோன் பெயர் உண்டு, காலம் உண்டு, ஏன் இத்திருத்தம் வேண்டப்பட்டது என்னும் காரணம் உண்டு. இதனை அளிக்க எமக்கு உரிமை உண்டு என ஆக்கியோனும், கைமாற்றித் தந்தோரும் ஒப்பமிடும் வரி 2004ஆம் ஆண்டு முதல் வழங்குகின்றது. ஆய்ந்தவர் பெயரும், சோதித்தவர் பெயரும் தனித்தனி வரிகளாக நிற்கும். இவரைக் கேட்போர் என்று கொள்வதில் தவறில்லை. இல்லாதது களன் ஒன்றே. எந்த அவையில், யார் யார் இருந்து, எவ்வாறு உடன்பட்டனர் என்பதற்கு அங்கு வரி இல்லை. மாநாட்டிற் பேசி முடிவு செய்தோம் என ஆக்குநர் ஒரோவழித் தாமாகவே குறிப்பர், அது விதியன்று. இதற்கு நேர்மாறாக, களனின் பெயரே மூலத்தில் நிலைத்துவிட்டதோர் இடமும் உண்டு. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பரிந்துரைக்கப்பெற்ற விசைப்பலகை அமைப்பு, லினக்ஸ் கணினிகளின் விசைப்பலகைத் தொகுப்பில் 'தமிழ்நெட் 99' என அம்மாநாட்டுப் பெயராலேயே வழங்குகின்றது.

ஒப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் தகாது. அரங்கேறும் நூல் முற்றுப்பெற்ற நூல். மாநாட்டிற்கு வருவதோ பெரும்பாலும் பாதி முடிந்த பணி. பிழையை அவையோர் காட்டுவர் என்னும் எதிர்பார்ப்புடனேயே அது வருகின்றது.

களன் பதிவுறாமையின், அதனை அறிய நமக்குள்ள சான்றுகள் படவில்லைகளும் ஒளிப்படப் பதிவுகளுமே. இவ்வகையில் இந்நிறுவனம் செய்துள்ள பணி பாராட்டற்குரியது. உரைகளைப் பதிவு செய்யும் வழக்கம் அமைப்பாளரிடையே பரவாத தொடக்க ஆண்டுகளில், எம்பெடெட் லினக்ஸ் மாநாட்டிற்கு ஒளிப்படக் கருவியைத் தாமே எடுத்துச் சென்று, பிற நிறுவனத்தார் உரைகளையும் பதிவு செய்து வெளியிட்டனர். தம் படவில்லைகளையும் பயிற்சிப் பாடங்களையும், பெயர் சுட்டுதல், அதே உரிமையுடன் பகிர்தல் என்னும் இரு நிபந்தனைகளோடு எவரும் திருத்தி வழங்குமாறு விடுத்தனர். பாடங்களின் மூலக் கோப்புகளும் கிடைக்கின்றன. ஒரு பக்கம் எந்நாளில் எவ்வாறு மாறிற்று என்பதைப் பாடவேறுபாடு ஆராய்வார் போல ஒப்புநோக்கலாம்.

இதனால் நிறுவனத்திற்கு இழப்பில்லையா எனின், இல்லை என்றே தோன்றுகின்றது. பாடம் விலையின்றிக் கிடைத்தும், ஆசிரியரை நாடி வருவோர் குறைவதில்லை. நாடுவோர் பாடத்தைக் கொண்டே ஆசிரியரின் தகுதியை அளக்கின்றனர். விளம்பரம் என்பார் கூற்றில் உள்ள உண்மை இதுவே.

ஆயினும், சில ஐயங்களை மறைத்தல் முறையன்று. இந்நிறுவனப் பொறியாளருள் சிலர் கெர்னலின் பேணுநராகவும் இருந்து வருகின்றனர். நிகழ்நேரக் கடிகாரப் பகுதியும் நாண்ட் நினைவகப் பகுதியும் இதற்குச் சான்று. தம் நிறுவனம் எழுதிய நிரலைத் தாமே ஏற்கும் நிலை அவர்க்கு நேரும். ஆய்வு வெளிப்படையாக நடைபெறுதலே அதற்குக் காப்பு. மற்றோர் ஐயம் செலவு பற்றியது. ஃபாஸ்டெமிற்குக் கட்டணம் இல்லை எனினும், பயணமும் உறைவிடமும் விலையின்றிக் கிடைப்பன அல்ல. தன் பொறியாளர் பலரை ஒருங்கே அனுப்பவல்ல நிறுவனத்தின் குரல் இடைவழிப் பேச்சுகளில் மிகுதியாக ஒலிக்கும். தனியாய் உழைப்போனின் குரல் அங்கு எட்டாது. திறமூலம் எனினும், திறவாத கதவு ஒன்று அங்கும் உண்டு என்பதை மறுக்க யாம் துணியோம். பதிவுகள் அக்குறையை ஓரளவே போக்கும். அவை மேடைப் பேச்சைக் காட்டும். கதவுக்கு வெளியே நிகழ்ந்ததைக் காட்டா.

கொள்ளை நோயின் காரணமாக 2021, 2022 ஆகிய ஈராண்டும் ஃபாஸ்டெம் பிரசல்ஸில் கூடவில்லை, இணையவழியே நடைபெற்றது. உரையாளர் தம் உரையை முன்னரே பதிவு செய்து அனுப்பினர். கேட்போர் தம் இல்லத்திலிருந்தே வினாக்களை எழுத்தில் விடுத்தனர். பயணச் செலவு தடையாக இருந்தோர்க்கும் அவ்வாயில் திறந்திருந்தது. ஆராய்ச்சியாளர்க்கு உரைகள் தெளிவாகக் கிடைக்கும் ஆண்டுகள் அவை. இடைவழியே இல்லாதுபோன ஆண்டுகளும் அவையே. 2023ஆம் ஆண்டில் மாநாடு மீண்டும் பிரசல்ஸ் வளாகத்திற்குத் திரும்பிற்று.