எல்லோரும் வந்து உட்கார்ந்த அறை

1960களின் இறுதி. ஜோஷுவா மேரோவிட்ஸ் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் கோடை விடுமுறையில் 3 மாதம் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். கேட்டவர்களுக்கெல்லாம் பயணக் கதை சொன்னார், ஆனால் ஆளுக்கொரு கதை. பெற்றோரிடம், தங்கிய இடங்கள் எவ்வளவு சுத்தம், எவ்வளவு பத்திரம் என்றார். நண்பர்களிடம் சாகசமும் கொஞ்சம் காதலும். பேராசிரியர்களிடம் அருங்காட்சியகங்கள், தேவாலயங்கள். எதுவும் பொய்யில்லை.

பின்னாளில் ஊடக ஆய்வாளரான அவர், 1985இல் வெளிவந்த தம் நூலில் இதை நினைவுகூர்ந்து ஒரு கேள்வி போட்டார். பெற்றோர் திடீரென விருந்து வைத்து, இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்திருந்தால் எந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்? சிலரைச் சங்கடப்படுத்தும் கதையை, அல்லது யாருக்குமே ருசிக்காத சப்பென்ற ஒன்றை.

அன்று அது கற்பனை. இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கும் எவரும் அந்த அறையில்தான் நிற்கிறார். சித்தப்பா, அலுவலக மேலாளர், பள்ளித் தோழி, வீட்டு உரிமையாளர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யாருக்குக் காட்டக் கூடாது என்று பெயர் பெயராக டிக் அடித்துக்கொண்டிருப்பது, இடிந்துபோன சுவரைக் கையால் திரும்ப எழுப்பும் வேலை.

அந்தச் சுவரின் பயனை முன்பே எழுதியவர் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் ஆய்வு செய்தபோது அங்கிருந்த ஒரு ஓட்டலை அவர் கவனித்தார். உணவுக்கூடத்தில் விருந்தினருக்கு ஏற்ற பவ்யம். கதவுக்கு அந்தப் பக்கம், சமையலறையில், கொதிக்கும் கெட்டிலின் மேல் ஈரக் காலுறைகள் காயும். 1956இல் வெளியான அவருடைய நூல், எல்லா மனிதருக்கும் இப்படி ஒரு மேடையும் திரைமறைவும் உண்டு என்றது. திரைமறைவு இருப்பதைப் பித்தலாட்டம் என்று அவர் சொல்லவில்லை. மேடையில் நிற்பவர் இளைப்பாற ஓர் இடம் வேண்டுமே.

ஓயாமல் தன்னைக் காட்டிக்கொள்பவரைத் தற்பெருமைக்காரர் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். உளவியல் சோதனைகள் காட்டுவது அதைவிட விசித்திரமானது. டயன் டைஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்களுக்கு ஒரு குறிப்பிட்ட குணம் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சிலர் இன்னொருவர் அறிய அதைச் செய்தார்கள், சிலர் தனிமையில். செய்தது இரண்டு தரப்பும் ஒன்றே. பிறகு, உண்மையில் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று கேட்டபோது, பிறர் அறியக் காட்டியவர்களிடமே அந்தக் குணம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லில் மட்டுமல்ல, நடத்தையிலும். தன் வாழ்க்கையிலிருந்தே நினைவுகளை எடுத்துப் பேசியவர்களிடம் ஒட்டுதல் இன்னும் பலம்.

2008இல் ஏமி கொன்சாலஸ், ஜெஃப்ரி ஹான்காக் இருவரும் இதை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கலகலப்பானவர் போலவோ ஒதுங்கியிருப்பவர் போலவோ எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். பாதிப் பேர் யாரும் பார்க்கக்கூடிய வலைப்பூவில் எழுதினார்கள், மீதிப் பேர் தனிக் கோப்பில். பொதுவில் எழுதியவர்கள், எழுதியதை நோக்கித் தங்களைப் பற்றிய மதிப்பீட்டையும் நகர்த்திக்கொண்டார்கள். ஒரே அமர்வில் நடந்த சோதனை இது. மாற்றம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் தினமும் மூன்று வேளை, பத்து வருடம், அதே முகத்தைக் காட்டுகிறவரை எந்தச் சோதனைக்கூடமும் இப்படி உட்காரவைத்துப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பதிவிடும்போது நாம் ஊருக்கு மட்டும் சொல்வதில்லை, இருக்கிற ஆயிரம் நினைவுகளில் எது நான் என்று பொறுக்கி எடுக்கிறோம். சாட்சிகள் முன்னால் பொறுக்கியதை மாற்றிக்கொள்வது கடினம். வெளிச்சம் அதிகமானால் ஒளிக்க ஏதுமில்லாமல் போய்விடும் என்பதல்ல என் கவலை. மாறிக்கொள்ள இடமில்லாமல் போகும் என்பதுதான்.

உண்மையில் ஊர் நம்மை அவ்வளவு பார்ப்பதுமில்லை. தாமஸ் கிலோவிச் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், பாடகர் பேரி மேனிலோ படம் போட்ட, மாணவர்கள் வெட்கப்படக்கூடிய டீ-சர்ட்டை மாட்டி ஒருவரை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சுமார் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். கவனித்தது சுமார் கால்வாசிப் பேர். இந்த அலட்சியம் ஒரு வரம். ஸ்டேட்டஸின் கீழ் வரும் ‘பார்த்தவர்கள் பட்டியல்’ அதைப் பறித்துவிட்டது. கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போன அரை நொடியும் அதில் ஒரு பெயராகப் பதிவாகிறது.

பெரியவர்களாவது தெரிந்தே மேடை ஏறுகிறார்கள். 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம், குழந்தைகளின் மூக்கில் சாயப்பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்டுப் பார்த்தார். அது தன் மூக்கு என்று பெரும்பாலான குழந்தைகள் கண்டுகொள்வது ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள். அதற்குள் பல குழந்தைகளின் ஸ்கேன் படம், முதல் குளியல், மொட்டை, காதுகுத்து எல்லாம் ஊருக்கு மனப்பாடம். தன்னைத் தானே அறியாத வயதில் அதற்கொரு பொதுமுகம் தயார்.

பிரான்ஸ் 2024இல் இயற்றிய சட்டம், குழந்தையின் படத்தின் மீது குழந்தைக்கு உள்ள உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தேவைப்பட்டால் நீதிபதி தடை போடலாம். இந்தியாவில் 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. படத்தைப் போடுவதே அந்தப் பெற்றோர் என்றால், யாரிடம் யார் ஒப்புதல் கேட்பது? சொந்த, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது.