ஒன் ஆஃப் தி சர்வர்ஸ்: இஸ்ஸா, ஆரா?

‘ஒன் ஆஃப் தி சர்வர்ஸ் ஆர் டவுன்’ என்று ராத்திரி 2 மணிக்கு மெயில் வந்தால், படுத்தது ஒரு சர்வரா, பலவா? எழுவாய் ‘ஒன்’. ஆகவே ‘இஸ்’தான் சரி.

தமிழில் இந்தக் குழப்பம் வராது. ‘சர்வர்களில் ஒன்று படுத்துவிட்டது’: ‘ஒன்று’ வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஒன்’ முன்னாடி போய்விட, ‘சர்வர்ஸ்’ வினையை ஒட்டி நின்று தன் பக்கம் இழுக்கிறது. நாம் மட்டும் இல்லை, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இப்படி இழுபடுவதை கேத்ரின் பாக், கரோல் மில்லர் 1991இல் சோதித்தே காட்டினார்கள்.

கொஞ்சம் சிக்கலானது இது: ‘ஒன் ஆஃப் தி சர்வர்ஸ் தட் கீப் கிராஷிங் ஹேஸ் பீன் ரீப்ளேஸ்டு.’ ‘கீப்’ பன்மை, ‘ஹேஸ்’ ஒருமை, இரண்டுமே சரி. அடிக்கடி படுப்பவை பல, மாற்றியது ஒன்று. காதுக்கு உறுத்துகிறதா? ‘வீ ரீப்ளேஸ்டு’ என்று ஆரம்பியுங்கள். ‘ஹேஸா, ஹேவா’ தொல்லை போச்சு.