இருநூற்று ஐம்பத்தாறு புள்ளிகளில் ஒரு முகம்

உலாவியில் திறந்திருக்கும் ஒவ்வொரு டேப்பிலும், பக்கத்தின் தலைப்புக்கு முன்னால் காணப்படும் சிறு சின்னம் ‘ஃபேவிகான்’ எனப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்ற உலாவியோடு புழக்கத்துக்கு வந்த இச்சின்னம், தொடக்கத்தில் புக்மார்க்குகளுக்காகவே, அதாவது பயனர் மீண்டும் பார்ப்பதற்காகக் குறித்துவைக்கும் தளங்களின் பட்டியலுக்காகவே உருவானது. பயனர் ஒரு தளத்தைக் குறித்துவைத்ததும், அத்தளத்தின் முதன்மைக் கோப்புறையில் ‘ஃபேவிகான்.ஐசிஓ’ என்ற கோப்பு உள்ளதா என்று உலாவி தேடி, இருந்தால் பட்டியலில் தளப்பெயரின் அருகே அதைக் காட்டியது. அக்கோப்பைக் கேட்டு சர்வருக்கு வந்த கோரிக்கைகளை எண்ணியே, தம் தளத்தை எத்தனை பேர் குறித்துவைத்தனர் என்பதை உரிமையாளர்களால் ஏறத்தாழக் கணிக்க முடிந்தது. பின்வந்த உலாவிகள் பக்கம் திறந்தவுடனேயே சின்னத்தைக் கேட்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு பொருளிழந்தது.

சின்னத்தைத் தளத்தில் சேர்ப்பது எளிது. பல அளவுப் படங்களை ஒரே கோப்பில் அடக்கவல்ல ஐசிஓ வகைக் கோப்பை முதன்மைக் கோப்புறையில் வைத்தாலே பெரும்பாலான உலாவிகள் கண்டுகொள்ளும். பிஎன்ஜி, எஸ்விஜி போன்ற வேறு வகைப் படங்களானால், பக்கத்தின் எச்டிஎம்எல் தலைப்பகுதியில் ‘லிங்க்’ குறிச்சொல்லைச் சேர்த்து, கோப்பின் இருப்பிடத்தைச் சுட்ட வேண்டும். ஐபோனின் முகப்புத் திரைக்கு 180 பிக்சல் சதுரப் படத்தைத் தனியே தருவது வழக்கம். சின்னமே இல்லாத தளத்திலும் உலாவிகள் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால், கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும் ‘404’ பிழை சர்வர் பதிவேட்டில் திரும்பத் திரும்ப ஏறும். படத்தை மாற்றிய பின்னும் பழையதே தோன்றினால், உலாவி முன்பு சேமித்துவைத்த பிரதியே அதற்குக் காரணம். கோப்புக்குப் புதுப்பெயர் இட்டால் சிக்கல் தீரும்.

இச்சின்னத்தை நம்பகத்தன்மையின் சான்றாகக் கொள்வது ஆபத்தானது. முகவரிப் பட்டையில் அது காட்டப்பட்டுவந்த காலத்தில், மோசடித் தளங்கள் பூட்டுப் படத்தையே சின்னமாக வைத்துப் பாதுகாப்பான இணைப்பு போல மயக்க முடிந்ததால், ஃபயர்பாக்ஸ் 2012இல் அவ்விடத்திலிருந்து அதை நீக்கியது. உலாவி வரலாற்றை அழித்த பின்னும் சில உலாவிகளின் தனிச் சேமிப்பில் சின்னங்கள் தங்கிவிடுவதை, பயனரைப் பின்தொடரப் பயன்படுத்தலாம் என்று சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினர்.

உண்மையான உழைப்பைக் கோருவது வரைகலையே. டேப்பில் தெரியும் அடிப்படை அளவு 16க்கு 16 பிக்சல், அதாவது 256 புள்ளிகள் மட்டுமே. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் வரைந்த புகழ்பெற்ற சின்னங்களுக்குக்கூட 32க்கு 32 என்ற கட்டத்தில் 1,024 புள்ளிகள் இருந்தன. நிறுவனத்தின் முழு இலச்சினையை அப்படியே சுருக்கினால் எஞ்சுவது கறை மட்டுமே என்பதால், அதிலிருந்து ஓர் எழுத்தையோ ஒரு வடிவத்தையோ எடுத்து அந்தச் சிறுகட்டத்துக்கென்றே புதிதாக வரைவதுதான் முறை. விக்கிப்பீடியா, தமிழ் உள்ளிட்ட தன் மொழிப் பதிப்புகளுக்கு ‘டபிள்யூ’ என்ற ஒற்றை ரோமன் எழுத்தையே பயன்படுத்துகிறது. தமிழ் எழுத்தை வைக்க விரும்பும் தளங்கள் எழுத்தின் உருவத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: நேர்கோடுகளாலான ‘ட’, ‘ப’ ஆகியவை பிக்சல் கட்டத்தில் இயல்பாகப் பொருந்த, சுழிகள் நெருங்கிய ‘ஞ’, ‘ண’, ‘ஐ’ ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபட்டுப்போகின்றன. அத்தகைய எழுத்தைத்தான் வைக்க வேண்டுமென்றால், கோட்டின் தடிமனைக் குறைத்து, சுழிகளைச் சற்று விரித்து, வெளிர்நிறத் திரையிலும் கருநிறத் திரையிலும் உண்மை அளவில் வைத்துப் பார்த்த பிறகே தளத்தில் ஏற்றுவது நல்லது.