கைக்கு அடங்கிய கருவி

புனே நகரின் சுக்ரவார் பேட்டையில் ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. தின்கர் கேல்கர் (1896–1990) என்னும் பெருமகனார், இளமையிலேயே மறைந்த தம் மகன் ராஜாவின் நினைவாக அதனை உருவாக்கினார். விளக்கு, மைக்கூடு, சமையற்கலம், இசைக்கருவி என மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களை அவர் ஊர் ஊராகச் சென்று திரட்டினார். அவற்றுள் பாக்குவெட்டிகள் காண்போரைத் தம்பால் ஈர்க்கின்றன. மனித உருவிலும் விலங்கு, பறவை வடிவிலும் அவை அழகுற வார்க்கப்பட்டுள்ளன. மராட்டியர் ‘அடகித்தா’ என்று அழைக்கும் இக்கருவியைத் தமிழகத்துப் பெரியவர்களும் வெற்றிலைப் பையில் வைத்து, செல்லும் இடமெல்லாம் உடன் கொண்டு சென்றனர்.

கூர்மையான சிறு கருவி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருப்பது மக்களின் நெடுநாள் வழக்கம் என்பதை அப்பாக்குவெட்டிகள் உணர்த்துகின்றன. அவ்வழக்கம் எவ்வாறு வளர்ந்தது? இன்று அதற்குரிய நெறிகள் யாவை? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

முன்னோரின் மடக்குக் கருவி

ஓலையில் எழுதிய காலத்தில் எழுதுவோருக்கு இரண்டு கருவிகள் இன்றியமையாதனவாக இருந்தன. ஓலையை ஓரம் நறுக்கிச் சீர்செய்யக் கத்தி வேண்டும். எழுத்தைக் கீற எழுத்தாணி வேண்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்து, கைப்பிடிக்குள் மடக்கி வைக்கும்படி செய்யப்பட்டதே மடக்கெழுத்தாணி. ஒரு பிடிக்குள் இரு பயன்கள் அடங்கியமையால், இன்றைய பல்கருவிக் கத்திக்கு அது முன்னோடி எனலாம்.

சிற்றூர்களில் வாழ்ந்தோர் முள்வாங்கியையும் காதுக் குறும்பி எடுக்கும் சிறு கரண்டியையும் ஒரே வளையத்தில் கோத்து, இடுப்பில் முடிந்து வைத்திருந்தனர். வெறுங்காலுடன் காட்டிலும் மேட்டிலும் நடந்தோருக்கு முள்வாங்கி உற்ற துணையாயிற்று. தேவையே கருவியைப் படைக்கிறது என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

பேனாக்கத்தியும் பல்கருவியும்

மேலை நாடுகளில் பறவையின் இறகைச் சீவி, மையில் தொட்டு எழுதினர். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். அதனை மீண்டும் சீவ ஒரு சிறு கத்தி தேவைப்பட்டது. ‘பேனாக்கத்தி’ என்னும் பெயர் இவ்வாறு பிறந்தது. இறகுப்பேனா மறைந்த பின்னரும் அப்பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் எல்சனர் 1884-ஆம் ஆண்டில் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு மடக்குக் கத்திகளைச் செய்து வழங்கினார். அக்கத்தியில் அலகு, திருப்புளி, தகரக்குவளை திறப்பான், துளையிடும் ஊசி ஆகிய நான்கு உறுப்புகள் இருந்தன. துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கவும், தகரக்குவளையில் அடைத்த உணவைத் திறக்கவும் வீரர்களுக்கு அவை பயன்பட்டன. எடை குறைந்ததும் உறுப்புகள் மிகுந்ததுமான மற்றொரு கத்திக்கு 1897-இல் அவர் உரிமம் பெற்றார். விக்டோரினாக்ஸ் என்று இன்று உலகம் அறிந்த நிறுவனம் அப்பட்டறையிலிருந்து வளர்ந்ததே ஆகும்.

அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975-ஆம் ஆண்டில் பழைய மகிழுந்து ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். வண்டி அடிக்கடி பழுதாயிற்று. தங்கிய விடுதிகளில் நீர்க்குழாய்கள் ஒழுகின. அவரிடம் ஒரு சட்டைப்பைக் கத்தி இருந்தது. ஆனால், மரையாணியை இறுகப் பற்றிச் சுழற்ற ஒரு குறடு இல்லை. அக்குறையே அவரைச் சிந்திக்கத் தூண்டியது. குறட்டை நடுவில் வைத்து, அதன் இரு கைப்பிடிகளுக்குள்ளும் கத்தி, அரம், திருப்புளி முதலியவற்றை மடக்கி வைக்கும் கருவியை அவர் உருவாக்கினார். அதற்கு 1980-இல் உரிமம் கிடைத்தது. 1983-இல் அது விற்பனைக்கு வந்தது.

அன்றாட வாழ்வில் பயன்

புனேயைச் சூழ்ந்துள்ள சகியாத்திரி மலைத்தொடரில் சிங்ககட், ராஜ்கட், தோரணா முதலிய கோட்டைகள் உள்ளன. விடுமுறை நாள்களில் மலையேறுவோர் அங்குத் திரள்கின்றனர். வழியில் ஒருவரின் காலணி வார் அறுந்தால், கயிற்றை வேண்டிய அளவு நறுக்கிக் கட்டலாம். காலில் முள் தைத்தால் சாவணத்தால் எடுக்கலாம். காயத்திற்குக் கட்டுத்துணி கத்தரிக்கலாம். பழம் நறுக்கிப் பகிர்ந்து உண்ணலாம். வீட்டிலும் பொட்டலத்தைப் பிரிப்பதற்கும், தளர்ந்த திருகாணியை முறுக்குவதற்கும், மின்கம்பியின் மேலுறையைச் சீவுவதற்கும் இத்தகைய கருவி உதவுகிறது. கம்பியைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது.

கையாளும் முறை

மடக்குக் கத்தியின் முதுகுப்புறத்தில் வளைந்து கொடுக்கும் வில்தகடு ஒன்று உள்ளது. அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருப்பதால், விரித்தபோதும் மடக்கியபோதும் அலகு தன் நிலையில் நிற்கிறது. ஆயினும் பூட்டு இல்லாத கத்தியில், அலகின் முதுகை அழுத்தினால் அது சட்டென மடங்கி விரலை வெட்டிவிடும். ஆதலால் அலகைக் கொண்டு குத்துவதும் நெம்புவதும் தவறு.

வெட்டும்போது அலகு நம் உடலை விட்டு விலகிச் செல்ல வேண்டும். பிறரிடம் தரும்போது மடக்கித் தருதலே நன்று. மடங்காத கத்தியாயின் கைப்பிடி வாங்குவோர் பக்கம் இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி தீங்கு செய்யாது என்று பலர் எண்ணுகின்றனர். மழுங்கிய கத்திக்கு மிகுந்த விசை தேவை. விசை மிகும்போது அது வழுக்கிக் கையைக் காயப்படுத்தும். எனவே கூர்மையைக் காப்பதும் பாதுகாப்பே. நனைந்த கத்தியை நன்கு துடைத்து உலர்த்தி, மூட்டில் ஒரு துளி எண்ணெய் இடல் வேண்டும். துருப்பிடிக்காத எஃகும் ஈரத்திலேயே கிடந்தால் நாளடைவில் கறை கொள்ளும். மாணவர்கள் பெரியோர் முன்னிலையில் மட்டுமே கத்தியைக் கையாளப் பழக வேண்டும்.

கருவியும் ஆயுதமும்

மராட்டிய மாநிலத்தில் கரும்பு வெட்டும் அரிவாளைக் ‘கொய்தா’ என்பர். ‘கொய்தல்’ என்னும் தமிழ்ச்சொல்லோடு அது ஒலியால் நெருங்கி நிற்பதை நோக்குக. பீடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டச் செல்லும் தொழிலாளர் குடும்பங்களில், கணவனும் மனைவியும் சேர்ந்து ‘ஒரு கொய்தா’ என்றே கணக்கிடப்படுகின்றனர். அவர்களுக்குக் கருவியின் பெயரே அடையாளம் ஆயிற்று.

அதே கொய்தாவைப் புனே நகரத் தெருக்களில் சில இளைஞர்கள் பிறரை அச்சுறுத்தவும் தாக்கவும் கையில் எடுத்தனர். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதனை வாங்குவோரின் ஆதார் விவரங்களைப் பெற்றுக்கொள்ளுமாறு கடைக்காரர்களைக் காவல்துறை அறிவுறுத்தியது. உழைப்பாளியின் கருவி ஐயத்துக்கு உரிய பொருளாக மாறியது. இரும்பும் கூர்மையும் முன்பு இருந்தவாறே இருந்தன; மாறியது பிடித்த கையின் நோக்கமே.

சட்டமும் பயனையும் அளவையும் நோக்குகிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உடைய அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் அடங்கா. எனினும், சிறு கத்திதானே என்று எங்கும் எடுத்துச் செல்லுதல் கூடாது. பொது அமைதியைக் காக்கும் பொருட்டு, பொது இடங்களில் கத்தி, தடி முதலியவற்றைக் கொண்டு செல்வதற்குத் தடை விதிக்க 1951-ஆம் ஆண்டின் மகாராட்டிரக் காவல் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வானூர்தியில் கைப்பையில் கத்தி வைத்தல் ஆகாது. சரக்கறைக்கு அனுப்பும் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பள்ளிக்கு அதனை எடுத்து வருதல் அறவே கூடாது. பென்சிலைச் சீவ எழுதுகோல் சீவியே போதும்.

நிறைவாக

மடக்கெழுத்தாணி அறிவைப் பதித்தது. பாக்குவெட்டி விருந்தினரை வரவேற்றது. கொய்தா குடும்பத்தைக் காத்தது. மனிதன் அறிவோடும் பொறுப்போடும் பயன்படுத்திய வரையில் அவை கருவிகளாகவே விளங்கின. எங்கே எடுக்க வேண்டும், எங்கே எடுக்கலாகாது என்று அறிந்தவரே கருவியை உடன் வைத்திருக்கத் தகுதி உடையவர். மடக்குக் கத்தியை விரிக்கக் கற்பதற்கு முன், அதனை மடக்கி வைக்கக் கற்போம்.

பயிற்சி

1. மடக்கெழுத்தாணி பல்கருவிக் கத்திக்கு முன்னோடி எனப்படுவது ஏன்?
2. ‘பேனாக்கத்தி’ என்னும் பெயர் வந்த வரலாற்றை எழுதுக.
3. டிம் லெதர்மேனின் பயணத்தில் நேர்ந்த இடர்கள் புதிய கருவிக்கு எவ்வாறு வழிவகுத்தன?
4. மழுங்கிய கத்தி கூரிய கத்தியைவிடத் தீங்கு தருவது எங்ஙனம்?
5. ‘மாறியது பிடித்த கையின் நோக்கமே’ – இத்தொடரைக் கொய்தாவின் வழி விளக்குக.
6. உம் வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்திய பழைய கருவி ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.