அழைப்பைத் துண்டிக்கும் அதிகாரம்

சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளைப் பேசும் நிலையங்கள் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1987-இல் கைவிட்டது. மறு ஆண்டே வலதுசாரி வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. ஒரு பக்கத்தை மட்டுமே பேசும் வானொலிகள் பெருகின. அந்த அலையில் மேலே வந்தவர் டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் டான் பேட்ரிக். ஹூஸ்டன் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தவர், கே.எஸ்.இ.வி. வானொலியில் சொத்து வரியையும் குடியேற்றத்தையும் சாடியே பெயர் வாங்கினார். 2006-இல் மாநில செனட்டுக்குத் தேர்வானார். நேயர்கள் வாக்காளர்களானதில் தவறேதும் இல்லை. ஆனால், எதிர்த்துப் பேசுபவரின் அழைப்பை ஒரு பொத்தானில் துண்டித்துப் பழகியவர், எதிர்க்கட்சியின் சம்மதமின்றி எதுவும் நகராத அவைக்குள் நுழைந்தார். அவர் அவைக்கேற்ப மாறவில்லை. அவைதான் அவருக்கேற்ப மாறியது.

டெக்சாஸ் செனட்டில் 31 பேர். வரிசையின் முதலிடத்தில் விவாதத்துக்கே வராத ஒரு மசோதாவை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதைத் தாண்டி வேறொன்றை எடுக்க 2015 வரை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. 11 பேர் சேர்ந்தால் எதையும் தடுக்க முடிந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் மட்டுமே கூடும் அவையில் இது பெரிய பலமாக இருந்தது. 2007-இல் புதுமுகமாக வந்ததுமே இந்த விதியை மாற்றச் சொன்ன பேட்ரிக், வாக்கெடுப்பில் தனித்து நின்றார். 2014-இல் பதவியிலிருந்த துணை ஆளுநர் டேவிட் டியூஹர்ஸ்டை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தி, பொதுத் தேர்தலிலும் வென்று, மறு ஆண்டு துணை ஆளுநரானார். அங்கே துணை ஆளுநரே செனட்டின் தலைவர். குழுக்களை அமைப்பவரும், எந்த மசோதா எப்போது வரும் என்று முடிவுசெய்பவரும் அவரே. ஏறக்குறைய ஒரு வானொலித் தொகுப்பாளரின் நாற்காலிதான். 2015-இல் வரம்பு 19 வாக்காகக் குறைந்தது. 2021-இல் 18 ஆனது.

அந்த விதி ஒன்றும் புனிதமானதல்ல என்பார்கள். உண்மைதான். 2003-இல் தொகுதி மறுவரையறைக்காக டியூஹர்ஸ்டே அதை ஒதுக்கிவைத்தார்; அவை கூடப் போதிய எண்ணிக்கை இல்லாமல் செய்ய ஜனநாயகக் கட்சியின் 11 செனட்டர்கள் நியூ மெக்சிகோவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெரும்பான்மையின் விருப்பத்தைச் சிறுபான்மை முடக்குவது நியாயமா என்ற கேள்வியிலும் வலு உண்டு. ஆனால் பெரும்பான்மை ஆட்சியே கொள்கை என்றால் 16 போதுமே! 2015-இல் குடியரசுக் கட்சிக்கு 20 இடம், வரம்பு 19. 2021-இல் இடம் 18-ஆகச் சரிந்தது, வரம்பும் 18-க்கு இறங்கியது. கொள்கை இப்படிக் கட்சிக் கணக்கோடு சேர்ந்து ஏறி இறங்காது. எல்லாப் பழியையும் வானொலி மீது போடவும் முடியாது: பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான மைக் பென்ஸ், இண்டியானாவில் 1990-களில் இதே தொழிலை மிக மென்மையான குரலில் நடத்தினார். தொழில் ஒருவருக்குப் பழக்கத்தைத் தரலாம். விதியை மாற்ற சக உறுப்பினர்களின் வாக்கு வேண்டும். 2007-இல் மறுத்த அவை, 2015-இல் அதைக் கொடுத்தது.