முதுகெலும்பு காட்டும் உறவு

தொல்காப்பிய மரபியலைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வௌவால் பறவையாகுமா?" என வினவினார். நல்ல வினா. ஊர்வன, பறப்பன, நடப்பன, நீந்துவன என இயக்கத்தைக் கொண்டு உயிர்களைப் பிரித்துப் பேசுவது உலக வழக்கு. தொல்காப்பியரோ அறிவின் அளவைக் கொண்டு ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகப் பகுத்தார். இன்றைய விலங்கியல் உடலமைப்பையும் மரபுவழி உறவையும் அளவுகோலாகக் கொள்கின்றது. அளவுகோல் மாறின் உயிர் நிற்கும் வரிசையும் மாறும்.

முதுகெலும்பு உடையவை, இல்லாதவை என விலங்குகளைப் பகுக்கும் முறையை நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லாமார்க். நத்தை, நண்டு, பூச்சி முதலியன முதுகெலும்பு இல்லாதவை. அறியப்பட்ட விலங்கினங்களுள் முதுகெலும்பிகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. கோவையாக அமைந்த முள்ளெலும்புகள் அவற்றின் தண்டுவடத்தைக் காக்கின்றன. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் சுண்டெலியின் குறுங்கழுத்திலும் நம் கழுத்திலும் இருப்பவை ஏழே எலும்புகள் என்பது வியப்பிற்குரியது.

ஐம்பெரும் பிரிவுகள்

மீன்கள் செவுளால் மூச்சுவிடுவன. முதுகெலும்பிகளுள் ஏறத்தாழப் பாதி இவையே. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பே உடையனவாயினும் இப்பிரிவினவே.

தவளை, தேரை முதலியன இருவாழ்விகள். தலைப்பிரட்டைப் பருவத்தில் செவுளாலும், வளர்ந்தபின் நுரையீரலாலும் ஈரத்தோலாலும் மூச்சுவிடுவன.

பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியன ஊர்வன. உலர்ந்த செதில்தோல் இவற்றின் அடையாளம். மண்புழு ஊர்ந்து செல்லினும் முதுகெலும்பு இன்மையின் இவ்வகுப்பில் இடம்பெறாது.

பறவையின் தனி அடையாளம் பறத்தல் அன்று, இறகு. ஆதலின் பறக்கவியலாத தீக்கோழியும் பென்குயினும் பறவைகளே. டைனோசர்களின் ஒரு கிளையிலிருந்து பறவைகள் தோன்றின என்பது இன்றைய அறிவியலின் முடிபு.

உரோமம் உடையனவாய், ஈன்ற குட்டிக்குப் பாலூட்டுவன பாலூட்டிகள். ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிட்டுப் பாலூட்டும் அரிய உயிர். வௌவாலுக்கு இறகில்லை, அது குட்டி ஈன்று பாலூட்டுகின்றது. எனவே அது பறக்கும் பாலூட்டியேயன்றிப் பறவையன்று. மாணவரின் வினாவிற்கு விடை இதுவே. திமிங்கலத்தையும் 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் மீனினத்தினின்று நீக்கிப் பாலூட்டிகளோடு சேர்த்தார்.

வகைப்பாட்டின் பயன்

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் கடற்பசுவை நம் மீனவர் ஆவுளியா என்பர். தோற்றத்தால் மீனை ஒக்கும் இதுவும் பாலூட்டியே, நுரையீரலால் மூச்சுவிடுவது. வலையில் அகப்பட்டு நீருக்குள்ளேயே இருக்க நேர்ந்தால், மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் நீரிலேயே மூச்சடைத்து இறந்துபோகும். மீனுக்கு வாழ்வளிக்கும் நீரே அதற்குச் சாவாகின்றது. வலையிழுக்கும் கைக்கு இவ்வேறுபாடு தெரிந்திருப்பின் ஓருயிர் பிழைக்கும். வலையை அறுத்து அதனை மீட்டு விடுவித்த மீனவர்களும் உளர். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

ஓருயிர் எவ்வினத்தைச் சார்ந்தது எனச் சரியாக அறிவதே அதனைக் காப்பதன் முதற்படி. அவ்வறிவைக் கடற்கரைச் சிற்றூருக்கும் விளங்கும் நல்ல தமிழில் எடுத்துச் சொல்லுதல் தமிழ் பயில்வோராகிய நம் கடமையுமாகும்.