பறைக்கு எந்தக் குச்சி?

ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, ஆன்லைன்ல பறை வாங்கினேன். கூட வந்த ரெண்டு குச்சியும் ஒரே மாதிரி இருக்கு. எப்படி அடிச்சாலும் டப்பு டப்புன்னுதான் வருது." தம்பி, கோளாறு உங்க கையில இல்ல, குச்சியில இருக்கு.

பறைக்கு ரெண்டு குச்சியும் வேற வேற. இடது கையில சிம்புக்குச்சி. மூங்கில்ல சீவினது, ஒல்லி, நீளம், நல்லா வளையும். வலது கையில அடிக்குச்சி. குட்டையா, தடியா இருக்கும், பெரும்பாலும் பூவரசு. சிம்பு கிட்டத்தட்ட முழு நீளமும் தோல் மேல படுற மாதிரி விழும், அதனால சுள்ளுன்னு ஒரு சத்தம். அடிக்குச்சி விழுந்தா கனமா, வயித்துல கேக்கும். இந்த ரெண்டும் பேசிக்கிறதுதான் அடவு. ஒரே குச்சி ரெண்டு இருந்தா ஒரே ஆள் தனியா பேசுற கதைதான்.

இது நம்மூர் விஷயம் மட்டும் இல்ல. ஆர்கெஸ்ட்ராவுல க்ளாக்கன்ஸ்பீல்னு இரும்புப் பட்டை வாத்தியம் ஒண்ணு இருக்கு. அதை வாசிக்கிறவங்க பித்தளை, பிளாஸ்டிக், ரப்பர்னு பல மேலட் வச்சிருப்பாங்க. கெட்டியான தலை பட்டையைத் தொட்டதும் விலகிடும், அதனால மேல்ஸ்தாயி ஒலிகள் பளிச்சுனு வரும். மெத்துனு இருக்கிற தலை கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டி நிக்கும், அந்தக் கூர்மை அமுங்கிடும். கணக்கு இங்கயும் அதேதான்.

சரி, குச்சி மாத்தினா மட்டும் போதுமா? தோலையும் பாக்கணும். நான் காவேரிப்பாக்கத்துக்காரன். பக்கத்துல ராணிப்பேட்டை, அந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, எல்லாம் தோல் ஊருங்க. "அப்போ உங்க ஊர்ல பறைத்தோல் சுலபமா கிடைக்குமே"ன்னு கேப்பாங்க. டேனரியில குரோம் ஏத்திப் பதப்படுத்தின தோல் ஷூவுக்கு ஆகும், பறைக்கு ஆகாது. அது மெத்துனு மடங்கும், ஆனா ஒலிக்காது. பறைக்கு வேண்டியது பதப்படுத்தாத மாட்டுத்தோல். முடியைச் சுரண்டி, ஈரத்தோட வேப்பமரச் சட்டத்துல இழுத்து ஒட்டிக் காயவைக்கணும். காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத் தொய்ஞ்சுடும்ங்கிறதாலதான் அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காய்ச்சுறாங்க.

இப்போ நிறைய பேர் ஃபைபர் ஷீட் போட்ட பறை வாங்குறாங்க. மழையில தொய்யாது, ஏசி ஹால்ல நெருப்பு மூட்ட வேண்டாம். ரெண்டும் நியாயமான காரணம். ஆனா "மாட்டுத்தோல் வேண்டாம்"னு முகம் சுளிச்சுட்டு ஃபைபர் கேக்குறவங்களும் இருக்காங்க. அது எனக்கு உறுத்துது. இந்தத் தோலைத் தொட்டதுக்காகவே ஒதுக்கப்பட்டவங்க கையில இருந்த வாத்தியம் இது. சாவுக்கு அடிச்சே ஆகணும்னு கட்டாயப்படுத்தினதால பறையையே கீழ வச்ச ஊர்களும் உண்டு. மேடை, கைத்தட்டல் எல்லாம் பிறகு வந்தது. 2025-ல மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. சந்தோஷம்தான், ஆனா ரொம்ப லேட்.

தம்பி, இப்போதைக்குப் பறையை மாத்த வேண்டாம். முத்தின மூங்கில்ல ஒரு பத்தை எடுத்து, கண்ணாடித்தாள் வச்சு விளிம்பை மழுக்குங்க, இல்லன்னா தோலைக் கிழிச்சிடும். வளைச்சுப் பாருங்க, விட்டதும் நேரா நிக்கணும், வளைஞ்சே நின்னா அது பச்சை மூங்கில். வலது கைக்கு உங்க ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவா, காய்ஞ்ச பூவரசங்கிளை. அடிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போட்டுக் கேப்போம்.